கிளையோபிளாஸ்டோமா ஏன் திரும்பி வருகிறது? மோதும் இரண்டு விளக்கங்கள்

மூளைக் கட்டிகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று கிளையோபிளாஸ்டோமா. கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எல்லாம் வெட்டி எடுத்து, ரேடியேஷன் கொடுத்து, டெமோசோலோமைட் மாத்திரையும் கொடுத்த பிறகும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. அந்த மாத்திரை சேர்ந்ததில் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு இருக்கும் காலம்) 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது என்று 2005இல் ஆய்வு வந்தது. கிடைத்தது இரண்டரை மாதம்தான்.

ஸ்டெம் செல், அதாவது தானும் பெருகிக் கட்டியின் மற்றச் செல்களையும் உண்டாக்கும் மூலச் செல்தான் காரணம் என்கிற கட்சிக்காரர்கள் கட்டியைக் கோரை மாதிரி பார்க்கிறார்கள்: மேலே எவ்வளவு அறுத்தாலும் கிழங்கு இருந்தால் முளைக்கும். 2004இல் டொரண்டோவில் பீட்டர் டர்க்ஸ் குழு மனித மூளைக் கட்டிச் செல்களை, ஸ்டெம் செல்லின் அடையாளமாகக் கருதிய சிடி133 என்ற புரதம் உள்ளவை, இல்லாதவை என்று பிரித்து எலிகளின் மூளையில் வைத்தது. உள்ளவற்றில் வெறும் 100 செல் போதும், கட்டி வளர்ந்தது. இல்லாதவற்றில் ஒரு லட்சம் வைத்தும் வளரவில்லை. சிடி133 உள்ள செல்கள் ரேடியேஷனில் உடைந்த டிஎன்ஏவை வேகமாகச் சரிசெய்துகொள்கின்றன என்று 2006இல் இன்னொரு குழு காட்டியபோது, கிழங்கைத் தோண்டினால் போதும் என்ற நம்பிக்கை வலுத்தது. ஆனால் சிடி133 இல்லாத செல்களும் கட்டி உண்டாக்கும் என்று அப்புறம் வந்த ஆய்வுகள் காட்டின.

எதிர்க்கட்சியின் வாதம் 1976இல் பீட்டர் நோவெல் சொன்னது: செல்கள் பெருகப் பெருக மரபணு மாற்றங்கள் சேர்கின்றன, மருந்தைத் தாங்கும் கிளை பிழைக்கிறது. ஒரே கட்டியில் ஒரு செல்லில் ஈஜிஎஃப்ஆர் என்ற, வளர்ச்சியைத் தூண்டும் மரபணுவின் பிரதிகள் பெருகியிருக்க, பக்கத்துச் செல்லில் அதே வகையான பிடிஜிஎஃப்ஆர்ஏ பெருகியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றைக் குறிவைத்த மருந்து மற்றதை விட்டுவிடும் என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் ஒரே மரபணு மாற்றம் உள்ள செல்கள்கூட வேறுவேறாக நடந்துகொள்கின்றனவே, அதற்கு இந்த வாதம் மட்டும் போதாது.

என் ஓட்டு இரண்டுக்கும் முழுசாக இல்லை. 2019இல் செல்களை ஒவ்வொன்றாகப் படித்த ஆய்வில் கட்டிச் செல்கள் இருக்கும் நான்கு நிலைகள் தெரிந்தன. ஒரு நிலைச் செல்களை மட்டும் எலியில் வைத்தாலும் மற்ற நிலைகளும் முளைத்தன. இலை விழுந்த இடத்திலும் செடி முளைக்கும் ரணகள்ளியைத்தான் இது நினைவூட்டுகிறது. ஆகவே ஸ்டெம் செல்லைக் கொல்லும் மருந்து என்று செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது, மிஞ்சிய செல்கள் மறுபடி ஸ்டெம் செல்லாக மாறாமல் தடுக்க அதோடு என்ன கொடுத்தார்கள் என்பதைத்தான்.