பிரஷர் டேங்க் கசிவு: கேஜ் முள்ளா, சோப்பு நுரையா?

ஓசூர் பட்டறைகளில் பெயின்ட் பிரஷர் டேங்கில் (காற்றழுத்தத்தால் பெயின்டை ஸ்ப்ரே கன்னுக்குத் தள்ளும் டேங்க்) காற்று நிற்காவிட்டால், பலரும் இன்லெட் வால்வை மூடிவிட்டு கேஜ் (அழுத்தமானி) முள் இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கசிவு இருப்பது தெரியும். எங்கே என்று தெரியாது. கம்ப்ரசரிலிருந்து சூடாக வந்த காற்று ஆறினாலே முள் கொஞ்சம் இறங்கும், ஓசூர் மார்கழிக் குளிரில் கேட்கவே வேண்டாம். அதனால் என் ஓட்டு சோப்புத் தண்ணீருக்குத்தான். மூடி கேஸ்கெட் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்), பைப் மரை, வால்வுத் தண்டு எல்லாம் பிரஷால் தடவுங்கள், குமிழி இடத்தைக் காட்டிவிடும். மிக மெல்லிய கசிவுக்கும் முள்ளைவிட நுரையே மேல்.

எதுவானாலும் குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள். டேங்கில் பொறித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது. சேஃப்டி வால்வை அடைத்துவிட்டுச் சோதிக்கவே வேண்டாம். அப்புறம், நுரை வருகிறதே என்று காற்று இருக்கும்போதே மூடி கிளாம்பை முறுக்காதீர்கள். காற்றை முழுக்க இறக்கி, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.