கராஜ் கதவோடு பதின்மூன்று ஆண்டுகள்

2012 மே மாதம் கனடாவில் ரொறொன்ரோவுக்கு வடக்கே உள்ள மார்க்கம் நகரில் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். இரண்டு கார் நிற்கும் கராஜ். கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். பொத்தானை அழுத்தினால் மேலே போகும், மறுபடி அழுத்தினால் கீழே வரும். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. பராமரிப்பு என்று செய்ததெல்லாம் இரு பக்கத் தண்டவாளங்களிலும் கிரீஸை அள்ளிப் பூசியதுதான். அதுவும் தவறு. கிரீஸில் தூசியும் மண்ணும் ஒட்டி, குளிரில் களிபோல் இறுகி, சில்லுகள் உருளாமல் இழுபட்டன.

2019 ஜனவரிக் கடைசியில், கடுங்குளிர் அடித்த ஒரு விடிகாலை, கீழே வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் எதெதுவோ நினைவுக்கு வரும். கட்டிலை விட்டு இறங்கவே சற்று நேரமானது. போய்ப் பார்த்தால் கராஜில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பொத்தானை அழுத்தினேன். கதவு ஒரு சாண் எழும்பி நின்றுவிட்டது. மோட்டர் பழுது என்றுதான் நினைத்தேன். அண்ணாந்து பார்த்த பிறகுதான், கதவுக்கு மேலே குறுக்காக ஓடும் தண்டில் ஒரு ஸ்பிரிங் இரண்டாகப் பிளந்து, நடுவில் இரண்டு விரல் இடைவெளி தெரிந்தது.

கதவைத் தூக்குவது மோட்டர் என்றே அதுவரை நம்பியிருந்தேன். உண்மையில் பாரத்தைச் சுமப்பது முறுக்கி வைத்த அந்த ஸ்பிரிங். மோட்டர் வெறுமனே இழுத்துத் தள்ளுகிறது. வழக்கமான ஸ்பிரிங்குக்கு ஆயுள் சுமார் 10,000 தடவை. திறந்து மூடுவது ஒரு தடவை என்று கணக்கு. எங்கள் வீட்டில் நாளைக்கு நான்கு தடவை, ஆறரை ஆண்டுகளுக்கு மேல். பெருக்கிப் பார்த்தால் அது தன் கடமையை ஏறத்தாழ முடித்துவிட்டுத்தான் உடைந்திருக்கிறது.

காணொளி பார்த்து நானே மாற்றலாம் என்று ஒரு மணி நேரம் துள்ளினேன். மனைவி மறித்தார். வந்த திருத்துநர் தமிழ்த் தம்பி ஒருவர். இரண்டு இரும்புக் கம்பிகளை மாறி மாறிச் செருகி, கால் சுற்றுக் கால் சுற்றாக, முப்பது தரம்போல முறுக்கினார். ஒவ்வொரு தரமும் முகத்தை விலக்கியே வைத்திருந்தார். கம்பிக்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவரைச் செருகினால் அது தெறித்துக் கையையோ முகத்தையோ பதம் பார்த்துவிடும் என்றார். "அண்ணை, கதவின் அடிமூலையில் கேபிள் மாட்டியிருக்கிற தகடு இருக்கிறதே, அதன் ஆணியையும் தொடாதீர்கள். முழு இழுவையும் அங்கேதான்" என்றும் சொன்னார். இரண்டு ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்றினோம். ஒரே வயதுக்காரர்கள், மற்றது மட்டும் எத்தனை நாளைக்கு? கொஞ்சம் கூடக் கொடுத்து 20,000 தடவை தாங்கும் வகையைப் போட்டேன். இதுவரை வருத்தமில்லை.

அவர் சொன்ன இன்னொன்று: ஸ்பிரிங் உடைந்திருக்கும்போது கதவு திறந்த நிலையில் நின்றால், கதவை மோட்டரிலிருந்து விடுவிக்கத் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுக்கவே கூடாது. தாங்க எதுவுமில்லாமல் கதவு அப்படியே இறங்கிவிடும்.

அன்றிலிருந்து வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். தண்டவாளத்தைத் துணியால் துடைப்பதோடு சரி. கீல், சில்லின் அச்சு, ஸ்பிரிங் ஆகியவற்றுக்கு மட்டும் கராஜ் கதவுக்கான தெளிப்பு எண்ணெய். பிறகு, கதவு மூடியிருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு, கையால் பாதி உயரத்துக்குத் தூக்கிப் பார்ப்பேன். அங்கேயே நின்றால் சமநிலை சரி. தானாகச் சரிந்தாலோ மேலே ஓடினாலோ தம்பியை அழைப்பேன். அதற்கு மேல் என் வேலை கிடையாது. கடைசியாக, ஒன்றரை அங்குலக் கனமான பலகையைத் தரையில் படுக்கப் போட்டுக் கதவை இறக்குவேன். பட்டதும் திரும்பி மேலே போகவேண்டும். 2022 இலையுதிர்காலத்தில் ஒருமுறை போகவில்லை. பலகையை அழுத்திக்கொண்டு நின்றது. மோட்டரின் விசையைக் குறைத்தபின் சரியானது. அன்றுவரை பேரப்பிள்ளைகள் அதன்கீழ் ஓடி விளையாடியிருக்கிறார்கள்.

தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இருபுறமும் எதிரெதிராகப் பார்க்கும் மின்கண்கள்தான் எனக்குத் தீராத தலைவலி. அமெரிக்காவில் 1993 முதல் வீட்டுக் கதவு மோட்டர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இந்த வகைக் காவல், எங்கள் மோட்டரிலும் உண்டு. எங்கள் கராஜ் மேற்குப் பார்த்தது. மாலை வெயில் ஒரு கண்ணில் நேராக விழுந்தால், குறுக்கே ஏதோ நிற்கிறது என்று எண்ணிக் கதவு மூட மறுக்கும். சுவர்ப் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் மூடிவிடும் என்று கண்டுபிடித்து, ஒரு கோடை முழுதும் அப்படியே செய்தேன். காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்ட வேலை. இப்போது அந்தக் கண்ணுக்கு ஓர் அட்டைக் குழாயை வெட்டி நிழற்குடை மாட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கம் என்று மனைவிக்குக் குறை. ஆனால் மாலை ஐந்து மணிக்கும் கதவு ஒழுங்காக மூடுகிறது.