6 வோல்ட் வண்டிக்கு "12 வோல்ட் கன்வர்ட்டர்" வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அப்பாவின் யெஸ்டி பைக் 1984ஆம் வருடத்து வண்டி. மைசூர் தொழிற்சாலையில் செய்தது. அப்பா போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதில் எல்லாமே 6 வோல்ட். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் ஜிபிஎஸ் டிராக்கர், மொபைல் சார்ஜர், எல்இடி விளக்கு எல்லாம் 12 வோல்ட். பக்கத்துத் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு வண்டி திருட்டுப் போனதும், இந்த வண்டிக்கு டிராக்கர் போட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு 6 வோல்ட்டை 12 ஆக ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வர்ட்டர் வேண்டும்.

சென்னைக்கு வேறு வேலையாகப் போனபோது ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டேன். (அந்தத் தெருவில் நியாயமான கடைகள் நிறைய உண்டு. பல வருடமாக அங்கே வாங்குகிறேன். இது ஒரு கடையின் கதை.) தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். நான்கு ஒயர் வெளியே வந்திருந்தது. மேலே "6V–12V, 5A, 60W, வாட்டர் ப்ரூஃப்" என்று ஆங்கிலத்தில் ஸ்டிக்கர்.

"5 ஆம்பியர் சார். கார் ஆடியோவே ஓடும். உங்க டிராக்கர் எல்லாம் இதுக்கு ஒண்ணுமே இல்ல."

கடையில் இருந்த 6 வோல்ட் பேட்டரியில் மாட்டி, வெளியே வரும் ஒயரில் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். 12.0. நான் அதை நம்பினேன். என் நண்பர் ஒருவரிடமும் யெஸ்டி இருப்பதால் அவருக்கும் சேர்த்து இரண்டு வாங்கினேன். ஒன்று 1,450 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு சின்ன எஸ்டிமேட் துண்டில் "கன்வர்ட்டர் 2" என்று எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முத்திரை இல்லை. பணத்தை யுபிஐ வழியாக அனுப்பினேன். அந்த ஒரு பதிவுதான் இப்போது என்னிடம் இருக்கும் உருப்படியான ஆதாரம்.

திருச்சிக்கு வந்து மாட்டினேன். டிராக்கர், சார்ஜர் சாக்கெட், 15 வாட்ஸ் எல்இடி விளக்கு ஒன்று. விளக்கைப் போட்டதும் துடித்தது. டிராக்கர் அணைந்து அணைந்து எரிந்தது. பெட்டியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கடைக்குப் போன் செய்தால், "உங்க வண்டி டைனமோ வீக் சார், கட்-அவுட்டைப் பாருங்க" என்றார். நானும் மெக்கானிக்கிடம் போய் 600 ரூபாய் கொடுத்து, டைனமோவையும் பேட்டரியையும் இணைத்தும் பிரித்தும் விடும் அந்தக் கட்-அவுட்டைச் சரிபார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. சரி, விளக்கு வேண்டாம் என்று கழற்றிவிட்டு டிராக்கரையும் சார்ஜரையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் ஓடியது. இடையில் ஒரு முறை நான்கு நாள் வண்டியை எடுக்காமல் விட்டதில் பேட்டரி முழுக்க இறங்கிப் போயிருந்தது. அப்போதும் பேட்டரி பழசு என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, துறையூர் போகிற வழியில், மண்ணச்சநல்லூர் தாண்டியதும் சார்ஜர் சாக்கெட்டில் பட்டென்று ஒரு சத்தம். மொபைல் திரை கருத்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் ரப்பர் கருகும் வாசம். சீட்டைத் தூக்கினால் பேட்டரியிலிருந்து கன்வர்ட்டருக்குப் போகும் சிவப்பு ஒயர் இளகி வழிந்துகொண்டிருந்தது. அந்த ஒயர் போகும் இடத்திலிருந்து பெட்ரோல் குழாய் ஒரு சாண் தூரம்கூட இல்லை. கையில் கிடைத்த துணியைச் சுற்றி பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி எறிந்தேன். இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் அப்பாவின் வண்டி அந்த இடத்திலேயே எரிந்திருக்கும். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

டிராக்கர் போனது, 2,400 ரூபாய். சார்ஜர் போனது. 14,000 ரூபாய் மொபைல் போர்டோடு போனது.

எங்கள் தெருவில் பாலிடெக்னிக் லேபில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எரிந்த பெட்டியையும் நண்பருக்காக வாங்கி இன்னும் மாட்டாமல் வைத்திருந்த இன்னொரு பெட்டியையும் அவரிடம் கொண்டு போனேன். இரண்டையும் உடைத்துப் பார்த்தோம். உள்ளே இருந்தது கடைகளில் 120, 150 ரூபாய்க்குத் தனியாகவே விற்கும் சாதாரண மாட்யூல், அதாவது சின்ன சர்க்யூட் பலகை. மேல்பக்கம் மட்டும் கருப்புப் பசையை ஊற்றி மூடியிருக்கிறார்கள், அடியில் காலி. சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகத் தகடு (ஹீட் சிங்க்) இல்லை. சூடு வெளியே போக வழியே இல்லாத பெட்டி அது.

மாட்யூலை இயக்கும் சிப்பான ஐசி மேல் எக்ஸ்எல்6009 என்று அச்சிட்டிருந்தது. அந்த ஐசி 400 கிலோ ஹெர்ட்ஸ் வேகத்தில் ஆன்-ஆஃப் ஆக வேண்டும். அண்ணன் புதுப் பெட்டியை, அந்த வேகத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் மாட்டினார். 52 கிலோ ஹெர்ட்ஸ். "இது அந்த ஐசியே இல்ல தம்பி" என்றார். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஐசியின் முகத்தில் உப்புத்தாள் தேய்த்த கீறல்கள் தெரிந்தன. பழைய பெயரைத் தேய்த்துவிட்டுப் புதுப் பெயரை அச்சிட்டிருக்கிறார்கள். வேகத்தைப் பார்த்தால் எல்எம்2577 வகையாக இருக்கும் என்பது அவர் கணிப்பு. அது மோசமான ஐசி அல்ல, பல காலமாகப் புழங்குவதுதான். ஆனால் அதற்கு ஏற்ற காயில் (கம்பிச் சுருள்) பெரியது. எட்டு மடங்கு மெதுவாக ஓடும் ஐசிக்கு, வேகமாக ஓடும் ஐசிக்கான சின்னக் காயிலையே போட்டால், ஒவ்வொரு சுற்றிலும் காயிலில் கரண்ட் தாறுமாறாக ஏறி இறங்கும். அதில் நிறையச் சூடாகத்தான் போகும். இந்தப் பெயர் மாற்றும் வேலை இந்த மாட்யூல்களில் ரொம்ப நாளாக நடப்பதுதான் என்றார். எனக்குத்தான் தெரியவில்லை.

சரி, ஐசி அசலாகவே இருந்திருந்தாலும் 5 ஆம்பியர் வருமா? வராது. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று முழுக்க இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. பூஸ்ட் கன்வர்ட்டர் கரண்ட்டை உண்டாக்குவதில்லை. வோல்ட்டை இரண்டு மடங்கு ஏற்றினால் உள்ளே இழுக்கும் கரண்ட் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 60 வாட்ஸ். நூற்றுக்கு 85 பங்கு உருப்படியாக வெளியே வருகிறது என்று வைத்தாலும் உள்ளே 70 வாட்ஸ் வேண்டும். 6 வோல்ட்டில் 70 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 12 ஆம்பியர். அசல் எக்ஸ்எல்6009இன் ஸ்விட்ச் தாங்குவதே 4 ஆம்பியர், அதுவும் உச்சத்தில். அந்த 4 என்பது உள்ளே ஓடும் கரண்ட், வெளியே வருவது அல்ல. கடைக்காரர்கள் அந்த எண்ணையே வெளியே வருவதாகச் சொல்லி விற்கிறார்கள். இந்தக் கடையில் 4ஐ 5 ஆகவும் ஆக்கிவிட்டார்கள். அசல் ஐசியில், 6 வோல்ட்டிலிருந்து 12க்கு, 15 வாட்ஸ் தொடர்ந்து கிடைத்தால் நல்லது. என்னுடைய பெட்டியில் 10 வாட்ஸ் தாண்டவில்லை.

அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால் வெறும் பல்பை வைத்துத்தான். பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 10 வாட்ஸ் பல்பை மாட்டினோம். மீட்டர் 11.7இல் நின்றது. கார் இண்டிகேட்டரின் 21 வாட்ஸ் பல்பை மாட்டினோம். 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது, இரண்டு நிமிடத்தில் பெட்டி கொதித்தது. கடையில் அவர் மீட்டரை மட்டும் வைத்து 12.0 காட்டினாரே, அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. மீட்டர் கரண்ட்டே இழுக்காது. கரண்ட் இழுக்கும் பொருள், அதாவது லோடு, இல்லாமல் எந்த மாட்யூலும் 12 காட்டும். பல்பின் விலை இருபது முப்பது ரூபாய்தான். அதைப் பையில் போட்டுக்கொண்டு போய் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் மாறினால் வந்துவிடுங்கள். ஒரு விஷயம், 21 வாட்ஸ் பல்பு குளிர்ந்திருக்கும்போது முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நல்ல கன்வர்ட்டரும் ஒரு கணம் தடுமாறலாம். அதனால் ஐந்து நிமிடம் எரியவிட்டு அப்புறம் மீட்டரைப் பாருங்கள், பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், மொபைலைக் கொன்றது எது? அந்த மாட்யூலில் வோல்ட்டேஜை அமைக்க நீல நிறத்தில் ஒரு சின்னத் திருகு பெட்டி இருக்கும். ட்ரிம்பாட் என்பார்கள். மேஜை மேல் வைத்துப் பரிசோதனை செய்வதற்கு அது சரி. யெஸ்டி போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியின் அதிர்வில் அதன் உள்முனை தொடர்பு விட்டுப்போகும். தொடர்பு விட்டால் வெளியே எவ்வளவு வோல்ட் வருகிறது என்பது ஐசிக்குத் தெரியாது. வோல்ட் போதவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகும். அண்ணன் புதுப் பெட்டியில் அந்தத் திருகின் ஒரு காலைச் சால்ட்ரிங்கில் எடுத்துவிட்டுக் காட்டினார். மீட்டர் 20, 25 என்று ஓடி 30ஐத் தாண்டியதும் சப்ளையை நிறுத்திவிட்டார். எரிந்த பெட்டியில் வெளிப்பக்கக் கெப்பாசிட்டர் 35 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டது, தலை வெடித்துப் பிளந்து கிடந்தது. சார்ஜர் சாக்கெட் 24 வரைதான் தாங்கும். அது உள்ளே ஷார்ட் ஆகி வந்த வோல்ட்டை அப்படியே மொபைலுக்குத் தள்ளிவிட்டது. அதே நேரத்தில் கன்வர்ட்டரின் ஐசியும் ஷார்ட். பேட்டரி, காயில், ஐசி, வண்டியின் பாடி என்று கரண்ட்டுக்கு நேர் வழி. நடுவில் ஃபியூஸ் இல்லை. பெட்டியோடும் தரவில்லை, போடச் சொல்லவும் இல்லை, எனக்கும் தோன்றவில்லை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு விரல் நீளத்துக்குள், 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருந்திருந்தால் ஒயர் உருகியிருக்காது.

நான்கு நாளில் பேட்டரி இறங்கியதற்கும் பதில் கிடைத்தது. டிராக்கர் சும்மா இருக்கும்போது இழுப்பது கொஞ்சம்தான், ஆனால் கன்வர்ட்டர் தனக்கென்று ஒரு பங்கு இழுக்கும். இரண்டும் சேர்ந்து பேட்டரியிலிருந்து 150 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-அவர். 12 ஆம்பியர்-அவர் பேட்டரி நான்காம் நாள் காலையில் காலியாகத்தானே இருக்கும். இதில் இன்னொரு கொடுமை உண்டு. பேட்டரி வோல்ட் குறையக் குறையக் கன்வர்ட்டர் அதே வாட்ஸைக் கொடுக்க இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும், அதனால் பேட்டரி இன்னும் வேகமாக விழும். வோல்ட் குறைந்தால் தானாக நிறுத்தும் வசதி இந்த மாட்யூலில் இல்லை.

இத்தனையும் எழுதி, படங்களோடு கடைக்கு அனுப்பினேன். "எலெக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாது. நீங்க பெட்டியை உடைச்சுட்டீங்க" என்று பதில் வந்தது. அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை சென்னையில் இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். திருச்சியில் போடப் போகிறேன். பில் இல்லாதது பெரிய இடைஞ்சல். தயவுசெய்து எஸ்டிமேட் துண்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள், ஜிஎஸ்டி பில்லில் பொருளின் பெயரையும் வாட்ஸையும் எழுதி வாங்குங்கள்.

இப்போது என் வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். விளக்கை 6 வோல்ட் எல்இடியாகவே தேடி வாங்கிவிட்டேன், அதற்குக் கன்வர்ட்டரே தேவையில்லை. டிராக்கருக்கு மட்டும் ஒரு சின்ன பூஸ்ட் மாட்யூல். அண்ணன் அதில் நீலத் திருகைப் பிடுங்கிவிட்டு அளவு பார்த்த நிலையான ரெசிஸ்டரைச் சால்டர் செய்து, ஐசியை அலுமினியத் தகட்டில் ஒட்டிக் கொடுத்தார். உள்ளே போகும் ஒயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ், வெளியே ஒரு ஸ்விட்ச். இரண்டு நாளுக்கு மேல் வண்டியை நிறுத்தினால் ஸ்விட்சை அணைத்துவிடுகிறேன். மொபைலை வண்டியில் சார்ஜ் போடுவதையே விட்டுவிட்டேன், பவர் பேங்க் போதும். எல்லாமே 12 வோல்ட்டில் வேண்டும் என்பவர்களுக்கு, டைனமோவிலிருந்தே முழு வண்டியையும் 12க்கு மாற்றித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். செலவு கூடுதல், ஆனால் அது நேர்மையான வழி. இன்னொன்று, பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியோடு இருக்கும். இந்த மாட்யூல்களில் உள்ளுக்கும் வெளிக்கும் நெகட்டிவ் ஒன்றே. அப்படிப்பட்ட வண்டியில் மாட்டும்போது டிராக்கரின் உலோக உடம்போ சார்ஜரின் வெளிக்கூடோ வண்டியில் பட்டாலே ஷார்ட். ஒயரைத் தொடுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

அதே கருப்புப் பெட்டி, அதே ஸ்டிக்கர் உங்கள் வண்டியில் இருந்தால் இன்றைக்கே பேட்டரியிலிருந்து கழற்றிவிடுங்கள். திருச்சிப் பக்கம் இருப்பவர்கள் மாட்யூலைக் கொண்டு வந்தால் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பல்புகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன.