ஹெட்செட் இல்லாத சர்வரில் ரெசோனைட்: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ரெசோனைட் என்பது பல பேர் சேர்ந்து உலவவும் கட்டவும் கூடிய விஆர் தளம். அதில் யார் ஒரு உலகத்தை (மெய்நிகர் இடத்தை) திறக்கிறாரோ அவருடைய கணினிதான் அதைத் தாங்கி நிற்கும். அவர் தூங்கப் போய்விட்டால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் வெளியே வந்து விழ வேண்டியதுதான். எங்கள் குழுவில் பாதிப்பேர் வேறு வேறு நாடுகளில் இருப்பவர்கள், எனக்கு நள்ளிரவு ஆகும்போதுதான் அவர்களுக்கு வேலை முடியும். கொஞ்ச நாள் என் கணினியை இரவு முழுக்க அணைக்காமல் வைத்துப் பார்த்தேன், கரண்ட் பில்லும் வீட்டு இணைப்பின் அப்லோட் வேகமும் இடம் கொடுக்கவில்லை. 2024 தொடக்கத்தில் டேட்டா சென்டரில் ஒரு டெடிகேட்டட் சர்வரை, அதாவது எங்களுக்கு மட்டுமான கணினியை, வாடகைக்கு எடுத்து ரெசோனைட்டின் ஹெட்லெஸ் (திரையில்லாமல் ஓடும்) பதிப்பை ஏற்றினேன்.

இதற்கு ஹெட்செட், திரை, கிராபிக்ஸ் கார்டு எதுவும் வேண்டாம். படம் வரைகிற வேலையே கிடையாது, உலகத்தின் நிலையை வைத்துக்கொண்டு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒத்திசைத்துக் கொடுப்பதோடு சரி. மாத ஆதரவு தருபவர்களுக்குத்தான் கிடைக்கும். தொடர்புப் பட்டியலில் ‘ரெசோனைட்’ என்று ஒரு பாட் (தானாகப் பதில் சொல்லும் கணக்கு) இருக்கும், அதனிடம் கேட்டால் ஒரு கோட் தரும், அதை ஸ்டீமின் கட்டளைவரி நிரலான ஸ்டீம்சிஎம்டியில் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். சர்வருக்கென்று தனிக் கணக்கு ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வர் தேர்வில் பிராசஸரின் கோர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்தேன். முதலில் எடுத்தது நிறைய கோர் உள்ள பழைய சியான் பிராசஸர். பத்துப் பேர் சேர்ந்தாலே உலகம் திக்கித் திக்கி நகரும், ஆனால் பிராசஸர் சுமையைக் காட்டும் ‘டாப்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு கோர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும், மற்றவை சும்மா கிடக்கும். கோர் குறைவாக, ஆனால் ஒவ்வொன்றும் வேகமாக இருக்கும் இயந்திரத்துக்கு மாறியதும் பிரச்சினை போய்விட்டது. அதே வருடம் ஹெட்லெஸ் தன்னை ஓட்டும் அடித்தளமான பழைய மோனோவை விட்டு டாட்நெட் 8க்கு வந்தபோது இன்னும் லேசானது.

அப்புறம் ஃபயர்வால். கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் ஃபோர்ஸ்போர்ட் என்று ஒரு யுடிபி போர்ட்டை, அதாவது இணைப்பு வந்து சேரும் வாசல் எண்ணை, குறித்து அதை ஃபயர்வாலில் திறந்து விடவில்லை என்றால், வருகிறவர்கள் நேராக வராமல் ரிலே என்ற இடைச் சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு வர நேரலாம், பிங் (தகவல் போய்வரும் நேரம்) ஏறும். இது தெரியாமல் இரண்டு மாதம் டேட்டா சென்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும்விட வலித்தது சேமிப்பு விஷயம்தான். அதே கான்ஃபிக் ஃபைலில் ஆட்டோசேவ்இன்டர்வல் இயல்பாக மைனஸ் 1, அதாவது தானாகச் சேமிக்காது. மூடும்போது சேமிக்கும் சேவ்ஆன்எக்ஸிட்டும் இயல்பாக அணைந்தே இருக்கும். நண்பர் ஒருவர் மூன்று மாலைகள் உட்கார்ந்து ஒரு நூலக அறையை அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்தார், நான் பேட்ச் போடுவதற்காக சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன், திரும்பி வந்த உலகத்தில் வெறும் தரை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கிறது, உலகத்தையும் சர்வர் கணக்கின் பெயரிலேயே வைத்திருக்கிறேன்.

பராமரிப்பு என்று பார்த்தால் இரண்டு வேலை. ரெசோனைட் அடிக்கடி அப்டேட் ஆகும், பதிப்பு பொருந்தவில்லை என்றால் யாரும் உள்ளே வர முடியாது, அதனால் தினமும் ஆள் இல்லாத நேரத்தில் ஸ்கிரிப்ட் ஒன்று அப்டேட் பார்த்து ரீஸ்டார்ட் செய்கிறது. தற்காலிகக் கோப்புகள் சேரும் கேஷ் ஃபோல்டர் டிஸ்க்கைத் தின்றுகொண்டே போகும், அதை மாதம் ஒருமுறை காலி செய்கிறேன். 16 ஜிபி ராம் எங்களுக்குப் போதுகிறது, இரண்டு பெரிய உலகங்களைச் சேர்த்து ஓட்டினால் இறுக்கும்.

வாடகைப் பணத்துக்கு இது தகுமா என்று கேட்டால், எனக்குத் தகும். காலையில் காபியோடு, சர்வரின் கட்டளைத் திரையைத் திறந்தே வைத்திருக்கும் டிமக்ஸைத் திறந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க யூசர்ஸ் என்று தட்டுவேன். கறுப்புத் திரையில் வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் பிங், அப்புறம் பிரசென்ட் ட்ரூ அல்லது ஃபால்ஸ். ஹெட்செட்டைக் கழற்றி வைத்தவருக்கு அது ஃபால்ஸாக மாறும். நேற்றுக் காலையில் நூலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள், ஒருவர் மட்டும் ஃபால்ஸ், அங்கேயே தூங்கிவிட்டார் போல.