டாவின்சி ரிசால்வ்: ப்ராஜெக்ட் முழுக்க ஒலியளவைச் சீராக்க இது போதுமா?

டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க நான்கு இடங்கள் உண்டு: கிளிப், ட்ராக், அதற்கு மேல் பல ட்ராக்குகளை ஒன்றுசேர்க்கும் துணை பஸ், கடைசியாக எல்லாம் போய்ச் சேரும் மெயின் பஸ். கருவிகளில் குறையில்லை. எந்த வேலையை எந்த இடத்தில் செய்ய வேண்டும் என்பதைத்தான் மென்பொருள் எங்கேயும் சொல்லித் தருவதில்லை. "நார்மலைஸ் போட்டும் ஒரு காட்சி கத்துது, இன்னொன்று கேட்கவே இல்லை" என்ற புலம்பல் வருவது இதனால்தான்.

ரிசால்வை வெளியிடும் பிளாக்மேஜிக் நிறுவனம் 2016-இல் ஃபேர்லைட் என்ற ஒலி எடிட்டிங் அமைப்பை வாங்கி, 2017-இல் ரிசால்வ் 14 மூலம் அதை ஒரு தனிப் பக்கமாக உள்ளே சேர்த்தது. மிக்ஸர், ட்ராக் தோறும் ஈக்யூ (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் மாற்றுவது), கம்ப்ரெசர் (உரத்த பகுதிகளை அமுக்குவது), லவுட்னஸ் மீட்டர் (காது உணரும் சத்தத்தை அளப்பது) எல்லாமே இலவசப் பதிப்பிலேயே கிடைக்கின்றன. ஒலியளவைச் சீராக்க மட்டும் என்றால் காசு கொடுத்து ஸ்டூடியோ பதிப்புக்குப் போகத் தேவையில்லை.

கிளிப்பிலிருந்து தொடங்குவோம். இன்ஸ்பெக்டரில் ஆடியோ தாவலில் உள்ள வால்யூம் ஸ்லைடரும் டைம்லைன் கிளிப்பின் மேல் ஓடும் கோடும் ஒரே மதிப்பைத்தான் மாற்றுகின்றன. ஒரு கிளிப்பின் அளவைப் பலவற்றுக்குக் கொண்டுபோக, அதை காப்பி செய்து, மற்றவற்றைத் தேர்ந்து ஆல்ட்-வி அழுத்தினால் பேஸ்ட் ஆட்ரிபியூட்ஸ் திறக்கும்; வால்யூமை மட்டும் டிக் செய்தால் போதும். ஆனால் அங்கே ஒட்டப்படுவது அந்த எண் மட்டுமே. வெவ்வேறு அளவில் பதிவான பத்து கிளிப்புகளுக்கும் +6 ஒட்டினால், முன்பிருந்த ஏற்ற இறக்கம் அப்படியே 6 டெசிபல் மேலே நகரும். ஒரே மைக்கில், ஒரே செட்டிங்கில் எடுத்த கிளிப்புகளுக்கு இது கச்சிதம். மற்றவற்றுக்கு உதவாது.

அடுத்தது, எல்லோரும் தேடும் பொத்தான். கிளிப்புகளைத் தேர்ந்து வலது கிளிக் செய்தால் நார்மலைஸ் ஆடியோ லெவல்ஸ் வரும்; கிளிப்பின் சத்தத்தை ஒரு இலக்கு அளவுக்கு அதுவாகவே ஏற்றி இறக்கும் கட்டளை. அதில் முன்னிருப்பாக இருப்பது சாம்பிள் பீக் ப்ரோகிராம், இலக்கு -9. இதை அப்படியே ஓகே செய்வதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். பீக் முறை பார்ப்பது கிளிப்பில் உள்ள மிக உயர்ந்த ஒரே ஒரு முனையை. பேச்சு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

எண்ணில் பார்த்தால் புரியும். முதல் கிளிப்பில் பேச்சு -30 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு; 0-ஐ நெருங்க நெருங்க உரத்தது). நடுவில் ஒரு கைத்தட்டல் -3 டெசிபல் வரை எகிறுகிறது. இரண்டாவது கிளிப்பில் பேச்சு -20, உச்சம் -9. இரண்டையும் -9 பீக்குக்குக் கொண்டுவரச் சொன்னால் முதல் கிளிப் 6 டெசிபல் இறங்கும், இரண்டாவது அசையாது. பேச்சு இப்போது -36-க்கும் -20-க்கும் இடையில். 10 ஆக இருந்த வித்தியாசம் 16 ஆகிவிட்டது. சீராக்கப் போய் மோசமாக்கியாயிற்று.

அதே பெட்டியில் முறையை பிஎஸ் 1770-4 என்று மாற்றினால் கணக்கே வேறு. இது காது உணரும் சத்தத்துக்கு நெருக்கமாக அளக்கிறது. 400 மில்லிசெகண்ட் துண்டுகளாகப் பார்த்து, -70-க்குக் கீழான அமைதியையும், சராசரியை விட 10 அலகு தாழ்ந்த பகுதிகளையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. பேச்சுக்கு இதுதான் சரி. இங்கேயும் உச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதால், அந்தக் கைத்தட்டல் எல்லையைத் தொட்டால் கிளிப் லவுட்னஸ் இலக்கை எட்டாமலே நின்றுவிடலாம். முதலில் கைத்தட்டலை பிளேடால் தனித்துண்டாக வெட்டி 10-12 டெசிபல் இறக்கிவிட்டு, மீதியை நார்மலைஸ் செய்வது நல்லது.

செட் லெவல் என்ற வரியில் ரிலேட்டிவ், இண்டிபெண்டன்ட் என்று இரண்டு தேர்வுகள். ரிலேட்டிவ் என்றால் தேர்ந்த கிளிப்புகள் எல்லாவற்றையும் ஒரே ஒலியாகப் பாவித்து, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கூட்டும் அல்லது குறைக்கும். இண்டிபெண்டன்ட் ஒவ்வொன்றையும் தனித்தனியே இலக்குக்கு இழுக்கும். வேகமாக முடிகிறதே என்று டைம்லைன் முழுவதையும் தேர்ந்து இண்டிபெண்டன்ட் போடுவது ஆபத்து: கிசுகிசுப்பும் கத்தலும் ஒரே அளவாகிவிடும், இரண்டு சொல் உள்ள துண்டு கிளிப்பின் இரைச்சலும் சேர்ந்து மேலே வரும். 20 டெசிபல் கூட்டினால் ஃபேன் சத்தமும் 20 டெசிபல் கூடும், அதில் மாயமில்லை. ஒரு ஆள், ஒரு மைக், ஓர் இடம் என்று குழுவாகப் பிரித்து, குழுவுக்குள் ரிலேட்டிவ் போடுவதுதான் இயல்பாகக் கேட்கும். இந்த விஷயத்தில் ப்ரீமியர் ப்ரோ கொஞ்சம் தாராளம்: பேச்சு என்று குறித்துவிட்டு ஆட்டோ மேட்ச் அழுத்தினால் -23 எல்யூஎஃப்எஸ்-க்கு அதுவாகவே கொண்டுவந்துவிடும். ரிசால்வில் முறையையும் இலக்கையும் நாம்தான் தேர்ந்தாக வேண்டும். சோம்பேறிகளுக்குத் தொல்லை, கவனமாக வேலை செய்பவருக்கு அதுவே வசதி.

ட்ராக்குக்கு வருவோம். கிளிப் வால்யூம் கம்ப்ரெசருக்கு முன்னால் வருகிறது, ட்ராக் ஃபேடர் (மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஸ்லைடர்) பின்னால் வருகிறது. கம்ப்ரெசரைப் பதமாக வைத்த பிறகு கிளிப்பை 5 டெசிபல் ஏற்றினால், எதிர்பார்த்த 5 கிடைக்காது. அமுக்கம்தான் கூடும், குரல் தட்டையாகும். எனவே கிளிப்புகளைச் சீராக்கி முடித்த பிறகே டைனமிக்ஸை, அதாவது கம்ப்ரெசர் போன்றவற்றை, தொட வேண்டும். பேச்சுக்கு 3:1 விகிதம், 5 முதல் 10 மில்லிசெகண்ட் அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்), 100-க்குப் பக்கத்தில் ரிலீஸ் (அமுக்கத்தை விட எடுக்கும் நேரம்) வைத்து, மீட்டரில் 3 முதல் 6 டெசிபல் வரை குறைவது தெரியும்படி த்ரெஷோல்டை (அமுக்கம் தொடங்கும் அளவை) இறக்கினால் நல்ல தொடக்கம்.

பேச்சு வரும்போது இசை தானாகத் தணிய, பேச்சு ட்ராக்கின் கம்ப்ரெசரில் செண்ட், இசை ட்ராக்கின் கம்ப்ரெசரில் லிசன் என்ற பொத்தான்களை இயக்கினால் போதும். இசைப் பக்கம் ரிலீஸ் 400-600 மில்லிசெகண்ட் இருக்கட்டும். 50, 60 என்று வைத்தால் ஒவ்வொரு சொல்லுக்கு இடையிலும் இசை குபுக்கென்று மேலே வந்து போகும்.

பஸ்களில் ஒரு பொறி இருக்கிறது. ஃபேர்லைட் மெனுவில் பஸ் ஃபார்மேட் வழியாகப் பேச்சு, இசை என்று இரண்டு துணை பஸ் உருவாக்கி, பஸ் அசைனில் ட்ராக்குகளை அவற்றோடு இணைக்கிறோம். ட்ராக் ஏற்கனவே மெயின் பஸ்ஸுக்கும் போய்க்கொண்டிருக்கும். அந்த இணைப்பை நீக்காவிட்டால் அதே ஒலி இரண்டு வழியாகப் போய் மெயினில் 6 டெசிபல் கூடிவிடும். காரணம் தெரியாமல் ஃபேடரை இறக்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. துணை பஸ்ஸின் ஃபேடரை இறக்கியும் சத்தம் முழுதாக அடங்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பேச்சு இடது ஸ்பீக்கரில் மட்டும் கேட்பது ஒலியளவுப் பிரச்சினையே அல்ல. கிளிப் ஆட்ரிபியூட்ஸில் ஆடியோ தாவலுக்குப் போய் அதை மோனோவாக மாற்றினால் தீர்ந்தது.

லவுட்னஸ் மீட்டர் ரிசால்வின் உண்மையான பலம். ஆனால் அதன் 0 என்பது ப்ராஜெக்ட் செட்டிங்ஸில், ஃபேர்லைட் பகுதியில் உள்ள இலக்கு, முன்னிருப்பு -23. இது ஐரோப்பிய ஒளிபரப்பின் ஆர் 128 விதி. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு -24. யூடியூப் -14-ஐ விட உரத்தவற்றைக் குறைத்து ஒலிக்கும், தாழ்ந்தவற்றை உயர்த்தாது. யூடியூபுக்கு வேலை செய்பவர் இலக்கை மாற்றாமல் மீட்டரில் 0 பார்த்துத் திருப்தியடைந்தால், வீடியோ மற்றவற்றை விட 9 அலகு மெலிதாகத்தான் போகும். இண்டக்ரேட்டட் எண்ணை (மொத்த வீடியோவின் சராசரி சத்தத்தை) பார்க்க ரீசெட் செய்து, ஸ்டார்ட் அழுத்தி, டைம்லைனை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நடுவில் பத்து விநாடி ஓட்டிப் பார்த்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

அது -17.2 காட்டி, இலக்கு -14 என்றால், 3.2 டெசிபலைத் துணை பஸ்களில் ஏற்றுங்கள். மெயின் ஃபேடரில் ஏற்றினால், அது மெயின் பஸ்ஸின் லிமிட்டருக்கு (முனைகளை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத கருவிக்கு) பின்னால் இருப்பதால், லிமிட்டர் கட்டிப்போட்ட முனைகள் மறுபடி மேலே போய்விடும். லிமிட்டரை -1.5 அல்லது -2-இல் வையுங்கள். ஏஏசி போன்ற ஒலிக் கோப்புச் சுருக்கத்தில் முனைகள் சற்று உயர்வது வழக்கம். லிமிட்டர் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் மறுபடி அளந்தால் -14.4 போல வரும், இன்னொரு சிறு ஏற்றம் தேவைப்படும்.

டெலிவர் பக்கத்தின் ஆடியோ தாவலிலும் நார்மலைஸ் தேர்வு ஒன்று இருக்கிறது. அது மொத்தக் கலவையையும் ஒரே அளவு ஏற்றி இறக்கும். காட்சிக்குக் காட்சி உள்ள மேடு பள்ளத்தைத் தொடாது. ஏற்கனவே பஸ்ஸில் இலக்கை எட்டியிருந்தால் அதை அணைத்தே வையுங்கள். ரெண்டர் ஆன கோப்பைப் புதிய டைம்லைனில் போட்டு, ஃபேடர்கள் எல்லாம் 0-இல் இருக்க, ஒருமுறை முழுதாக ஓட்டி அளந்துவிட்டு அனுப்புங்கள்.