ஒன்றுக்கு ஒன்று இலவசம்: பாஸ்தா சாஸ் பாட்டிலில் நான் ஏமாந்தது

"தக்காளித் தொக்குக்குப் போயா முன்னூத்தம்பது ரூபா குடுத்த?" என்று மாமியார் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. தொக்கு வேறு, பாஸ்தா சாஸ் வேறு என்று விளக்கினேன். இப்போது யோசித்தால், அத்தை அன்று கேட்டதைவிட இன்னும் நன்றாகத் திட்டியிருக்கலாம்.

நடந்தது இதுதான். சென்னையில் நாங்கள் மாதச் சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டு, வெளிநாட்டுப் பாஸ்தா சாஸ் பாட்டில்களை அடுக்கியிருந்தார்கள். 400 கிராம் கண்ணாடி பாட்டில், இரண்டிரண்டாகச் சேர்த்து டேப் ஒட்டி, 349 ரூபாய். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றால் பாஸ்தாதான். வெளியே போய்ச் சாப்பிட்டால் ஆயிரம் ரூபாய் பறந்துவிடும். ஒரு பாட்டில் 175 ரூபாய்தானே என்று கணக்குப் போட்டு எடுத்துவிட்டேன்.

முதல் பாட்டில் அந்த வாரமே காலி. கொஞ்சம் இனிப்பாக இருக்கிறதே என்று தோன்றியது, அவ்வளவுதான். இரண்டாவதை இரண்டு வாரம் கழித்துத் திறந்தேன். இந்த மாதிரி பாட்டில்களில் மூடியின் நடுப்பகுதி உள்ளே குழிந்து இருக்கும், திறக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். இதில் சத்தமே வரவில்லை. மூடி ஊறுகாய் பாட்டில் மாதிரி லேசாகச் சுழன்று வந்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் மூன்று நாள் புளித்த இட்லி மாவு வாசனை.

தேதியைப் பார்க்கலாம் என்று திருப்பினேன். பின்பக்கம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். விலை, இறக்குமதி செய்தவர் முகவரி, காலாவதி தேதி எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. தேதிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஆனால் ஸ்டிக்கரின் ஓரத்தில் அடியிலிருந்து ஒரு எண்ணின் பாதி எட்டிப் பார்த்தது. தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு உரித்தேன். பாட்டிலின் சொந்த லேபிளில் இருந்த தேதி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஏற்கெனவே காலி செய்த பாட்டிலைக் கழுவிச் சீரகம் போட்டு வைத்திருந்தேன். அதையும் உரித்தேன். அதே தேதி. நல்லவேளை, யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் பில்லும் பாட்டிலுமாகக் கடைக்குப் போனேன். மேனேஜர் முதலில் சொன்னது: "ஃப்ரீ பீஸுக்கு ரிட்டர்ன் கிடையாது மேடம்." அப்புறம்: "இம்போர்ட்டட் ஐட்டம்னா ஸ்டிக்கர் இருக்கத்தான் செய்யும்."

இந்த இரண்டாவது பதில் பாதி உண்மை. அதனால்தான் நிறையப் பேர் இதைக் கேட்டுத் திரும்பிவிடுகிறோம் என்று நினைக்கிறேன். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உணவு உரிம எண் ஆகியவற்றை ஸ்டிக்கராக ஒட்டுவது வழக்கம்தான். அதில் தப்பில்லை. ஆனால் தயாரிப்பாளர் அச்சிட்ட தேதியை மறைத்து வேறு தேதி ஒட்டுவது வேறு விஷயம். விலையிலும் அப்படித்தான்: 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி எம்.ஆர்.பி.யைக் குறைப்பதற்கு மட்டும்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். இதைச் சொன்னதும் மேனேஜர் குரல் இறங்கியது. "உக்காருங்க மேடம், காபி சாப்பிடுறீங்களா?" என்றார். காபி வேண்டாம், அந்த மேஜையைக் காலி செய்யுங்கள் என்றேன். 349 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். மேஜை அப்படியே இருந்தது.

அதனால் அன்று மாலையே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். பில்லின் படம், ஸ்டிக்கரோடு ஒரு படம், உரித்த பிறகு ஒரு படம், மூன்றும் கையில் இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 1915 கடைக்குத் தண்டனை கொடுக்காது, உங்களுக்கும் கடைக்கும் நடுவில் பேசி முடிக்கப் பார்க்கும். நஷ்ட ஈடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. காலாவதியான உணவை விற்பதைப் பற்றி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். நான் இரண்டு இடத்திலும் கொடுத்தேன். ஆணையத்துக்குப் போகவில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு அதற்கு அலைய என்னால் முடியவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்டிக்கரை உரித்ததில் ஒரு லாபம், அந்த லேபிளை வாழ்க்கையில் முதல் தடவையாக முழுதாகப் படித்தேன். முன்பக்கம் கொடியோடு பழுத்த தக்காளிப் படம், ஆலிவ் எண்ணெய் சொட்டுகிறது. பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் தண்ணீர். அடுத்து தக்காளி பேஸ்ட், மூன்றாவது சர்க்கரை, அப்புறம் ஸ்டார்ச். ஆலிவ் எண்ணெய் ஒரு சதவீதம். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. ஆக நான் தூக்கி வந்ததில் மற்ற எதையும்விடத் தண்ணீர்தான் அதிகம். இது ஏமாற்று இல்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். படிக்காதது என் தப்பு.

அடுத்த ஞாயிறு அத்தை சொன்ன மாதிரியே வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு கிலோ தக்காளி, அந்த வாரம் 30 ரூபாய். பெங்களூர் தக்காளியாக எடுங்கள். நாட்டுத் தக்காளி ரசத்துக்குத்தான் அருமை, இதற்குப் புளிப்பும் நீரும் அதிகம். ஒரு பெரிய வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, இரண்டு கரண்டி எண்ணெய், உப்பு. பூண்டை நிறம் மாறாமல் வதக்கி, வெந்நீரில் போட்டுத் தோல் உரித்த தக்காளியைப் பிசைந்து விட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம். கிட்டத்தட்ட அரை கிலோ வந்தது. கேஸையும் சேர்த்து 60 ரூபாய் தாண்டவில்லை. ஓரிகனோ? பீட்சா வாங்கும்போது வந்த பொட்டலங்கள் எல்லார் வீட்டு டிராயரிலும் கிடக்குமே. இல்லையென்றால் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி ஒரே ஒரு இலை, பொடியாக நறுக்கி. பேசில் வேண்டுமென்றால் அது நம் திருநீற்றுப்பச்சிலைதான், சப்ஜா விதை எந்தச் செடியில் வருகிறதோ அதே செடி. துளசியை மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், கஷாயத்தில் பாஸ்தா சாப்பிட்ட மாதிரி இருந்தது.

இதைப் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கக்கூடாது. கடை சாஸ் கெடாமல் இருப்பது புளிப்பை அளந்து, சூடாக்கி, காற்றுப் புகாமல் மூடுவதால். நம் வீட்டில் அந்த ஏற்பாடு கிடையாது. ஃபிரிட்ஜில் மூன்று நாள். மிச்சத்தை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்துவிடுகிறேன்.

பாட்டில் சாஸே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்களே, அந்த மாதம் நானே பாட்டில்தான் வாங்கினேன். ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து முக்கால் மணி நேரம் கிண்ட எல்லாராலும் முடியாது. வாங்குங்கள். ஆனால் பில் போடும் முன் மூடியின் நடுவில் விரலால் அழுத்துங்கள். 'டிக் டிக்' என்று ஏறி இறங்கினால் வைத்துவிடுங்கள். தேதிக்கு மேல் ஸ்டிக்கர் இருந்தால் கடையிலேயே நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.

1915-இலிருந்து பத்து நாளில் பதில் வந்தது: கடை பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் புகார் முடிக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. போன சனிக்கிழமை அந்தப் பக்கம் போனவள் உள்ளே நுழைந்து பார்த்தேன். சாஸ் பாட்டில்கள் இல்லை. அதே மேஜையில் சாலட் டிரஸ்ஸிங், ஒன்றுக்கு ஒன்று இலவசம். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். வெள்ளை ஸ்டிக்கர்.