ஜகார்த்தா–பாலி விமானம்: தூரம் 983 கி.மீ., ஒதுக்க வேண்டியது அரை நாள்

ஜகார்த்தாவின் சுகர்ணோ-ஹத்தா நிலையத்திலிருந்து பாலியின் ஙுரா ராய் நிலையத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 983 கி.மீ. விமானம் மணிக்கு 840 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்து வகுத்தால் 70 நிமிடம் வரும். தூரம் காட்டும் இணையதளங்கள் பல இந்தக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குமுன் வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம். ஙுரா ராயில் ஒரே ஓடுபாதைதான் என்பதால், நெரிசல் நேரத்தில் கடலுக்கு மேல் ஒரு சுற்று கூடுதலாக அடிக்க வேண்டி வரலாம்.

பலரும் சறுக்குவது கடிகாரத்தில்தான். பாலி நேரம் ஜகார்த்தாவைவிட 1 மணி முன்னால் இருக்கிறது. டிக்கெட்டில் இருப்பதோ அந்தந்த ஊர் நேரம். காலை 10:00 மணிக்குக் கிளம்பினால் பாலியில் 12:50. அங்கிருந்து 10:00 மணிக்குத் திரும்பினால் ஜகார்த்தாவில் 10:50. போக 2:50, வர 50 நிமிடம் என்று தோன்றும். இரண்டுமே ஒரே அளவு பயணம்தான். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பலத்த மேல்காற்று இல்லாததால் போக, வர பெரிய வித்தியாசம் வருவதில்லை. பாலியில் இறங்கி வேறு விமானம் பிடிப்பவர்கள் இந்த 1 மணியை மறந்தால் அடுத்த விமானத்தைக் கோட்டைவிட வேண்டியதுதான்.

டிக்கெட் எடுக்குமுன் நிலையக் குறியீட்டைப் பாருங்கள். சி.ஜி.கே. என்றால் சுகர்ணோ-ஹத்தா, அது நகருக்கு வெளியே, மேற்கே தாங்கெராங்கில் இருக்கிறது. எச்.எல்.பி. என்றால் கிழக்கு ஜகார்த்தாவின் ஹலிம். ஹலிமில் விமானங்கள் குறைவு. ஆனால் நகரின் கிழக்குப் பகுதியில் தங்குபவர்களுக்குச் சாலையில் நிறைய நேரம் மிச்சம். பண்டுங் அதிவேக ரயிலின் நிலையத்துக்கும் ஹலிம் என்றே பெயர். டாக்சிக்காரரிடம் வெறும் 'ஹலிம்' என்று சொல்லாமல் 'பண்டாரா ஹலிம்' என்று சொல்லுங்கள். பண்டாரா என்றால் விமான நிலையம்.

சுகர்ணோ-ஹத்தாவுக்கு மாலை நெரிசலில் காரில் போவதென்றால் 2 மணி நேரம்கூட ஆகலாம். விமான நிலைய ரயில் அந்தக் கவலையைத் தீர்க்கும். முனையம் மாறி இறங்கிவிட்டாலும் முனையங்களுக்கிடையே இலவச ஸ்கைட்ரெயின் ஓடுகிறது. வீட்டு வாசலிலிருந்து பாலி விடுதி வரை 5 முதல் 6 மணி நேரம் ஒதுக்குவதே சரி. ரயிலிலும் படகிலும் போனால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் போய்விடும் என்பதால், இந்த வழித்தடத்தில் விமானத்துக்கே எங்கள் ஓட்டு.

அதிலும் காலையின் முதல் விமானம். ஒரே விமானம் நாள் முழுக்கப் பல நடை பறப்பதால், காலையில் விழும் 20 நிமிடத் தாமதம் மாலைக்குள் பெருகிவிடும். மழைக்காலத்தில் ஜகார்த்தாவின் பிற்பகல் இடிமழை வேறு சேர்ந்துகொள்ளும்.

இரண்டு விஷயங்களுக்கு முன்கூட்டியே இடம் விட வேண்டும். ஞெபி எனும் மௌன நாளில், பெரும்பாலும் மார்ச்சில், பாலி நிலையம் காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 வரை மூடியே இருக்கும். இன்னொன்று எரிமலைச் சாம்பல். எஞ்சினின் வெப்பத்தில் அது உருகி, உள்ளே கண்ணாடிபோல் படிந்துவிடும் என்பதால் யாரும் துணிந்து பறக்க மாட்டார்கள். 2017 நவம்பரில் ஆகுங் எரிமலையால் நிலையமே மூடப்பட்டது. 2024 நவம்பரில் தொலைவிலுள்ள புளோரஸ் தீவின் லெவோடோபி வெடித்ததற்கே பாலி விமானங்கள் ரத்தாயின. பாலியிலிருந்து திரும்பிய அன்றே ஜகார்த்தாவில் வெளிநாட்டு விமானம் ஏறும்படி திட்டம் போடாதீர்கள். நடுவில் ஓர் இரவு விடுங்கள்.